கூழுக்கும் ஒரு பருவச்சொல்

இது சற்று நீண்ட பதிவு. ஓய்வு கிடைக்கும்போது வாசிக்க வேண்டுகிறேன்.

உணவும் பண்பாடும் குறித்த கருத்தரங்கு ஒன்றில் அண்மையில் ஒரு கூற்றைக் கேட்டேன். "ஜப்பானியரிடம் ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு சமையல் உண்டு, நம்மிடம், அதிலும் ராயலசீமை போன்ற வறண்ட நிலத்தில், இருப்பவை வெயிலும் பசியும் மட்டுமே" என்றார் பேசியவர். அவையில் யாரும் மறுக்கவில்லை. சிலர் சிரித்தனர். ஜப்பானைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ராயலசீமையைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. எஞ்சிய பாதியை எழுதிவைக்க வேண்டும் என்று அன்று தோன்றியது. சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, திருப்பதியில் தங்கி, பருவச் சடங்குகளை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட எனக்கு அது ஒரு கடமையும்கூட.

முதலில் ஜப்பானைப் பார்ப்போம். அங்கே வேனில் என்பது வெப்பநிலை மட்டுமன்று; அது நாட்காட்டியில் இடம்பெற்ற ஓர் ஒழுங்கு. ஆண்டை 24 பகுதிகளாகவும், அவற்றை மேலும் ஏறத்தாழ ஐந்து நாள் கொண்ட 72 சிறு பருவங்களாகவும் பகுக்கும் முறை சீனத்திலிருந்து வந்தது. 1685-இல் நடைமுறைக்கு வந்த நாட்காட்டியை வகுத்த ஷிபுகாவா ஷுன்காய் அதை ஜப்பானின் தட்பவெப்பத்திற்கு ஏற்பத் திருத்தினார். ஹைக்கூ எழுதுவோர் கையாளும் பருவச்சொல் அகராதிகள் இன்றும் அச்சாகின்றன. பருவத்தைக் குறிக்கும் சொல்லை அவர்கள் 'கிகோ' என்பர். ஒரு பூவோ, பூச்சியோ, பண்டமோ கிகோவாக ஏற்கப்பட்டால் அது வெறும் பொருளாக இருப்பதில்லை, காலத்தின் அடையாளமாகிவிடுகிறது.

ஜூன் 30 அன்று கியோட்டோ நகரத்தார் 'மினாசுகி' என்னும் இனிப்பை உண்பர். அரிசி மாவில் செய்த வெண்ணிறப் பலகாரத்தின் மேல் சிவந்த அசுகிப் பயறு பதித்து முக்கோணமாக வெட்டுவர். பனிக்கட்டித் துண்டின் வடிவம் அது. முற்காலத்தில் மலைக்குகைகளில் சேமித்த பனிக்கட்டியைக் கோடையில் அரண்மனைக்குக் கொண்டுவந்தார்கள். எளியவர்க்கு அது எட்டாது. ஆகவே மாவினால் பனிக்கட்டியைச் செய்து உண்டார்கள் என்று விளக்கம் சொல்வர். அதே நாளில் கோயில்களில் புல்லால் பெரிய வளையம் கட்டி, அதனூடே நுழைந்து, அரையாண்டின் தீட்டைக் கழிப்பர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசவையில் பணிபுரிந்த செய் ஷோனகோன், நேர்த்தியான பொருள்களின் பட்டியலில், புதிய உலோகக் கிண்ணத்தில் இட்டு இனிய சாறு ஊற்றிய சீவிய பனிக்கட்டியையும் சேர்த்திருக்கிறார். இன்றைய தெருவோரக் 'காகிகோரி' அதன் வழித்தோன்றல். வறுத்த வாற்கோதுமையைக் கொதிக்கவைத்துக் குளிர்வித்த 'முகிச்சா', குளிர்ந்த நீரில் மிதக்கும் மெல்லிய 'சோமென்' சேவை, தாழ்வாரத்தில் தொங்கும் கண்ணாடி மணியின் ஒலி ஆகியவையும் இந்த ஒழுங்கின் உறுப்புகளே. மணியோசை உடலைக் குளிர்விக்காது. ஆயினும் காற்று வந்தது என்று காதுக்குச் சொல்லும்.

இவற்றுள் மிகவும் பெயர்பெற்றது விலாங்கு மீன் உண்ணும் நாள். இலையுதிர் பருவம் நாட்காட்டியில் தொடங்குவதற்கு முந்தைய 18 நாள் அளவிலான இடைக்காலத்தைத் 'தொயோ' என்பர். ஏறத்தாழ ஜூலை 20 முதல் ஆகஸ்ட் முதல் வாரம் வரை. அதற்குள் வரும் எருது நாளில் விலாங்கு உண்டால் வேனில் சோர்வு தீரும் என்பது நம்பிக்கை. விற்பனை குறைந்திருந்த ஒரு கடைக்காக 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹிராகா கென்னாய் எழுதிக்கொடுத்த விளம்பரப் பலகையே இவ்வழக்கத்தின் தொடக்கம் என்று ஒரு கதை உண்டு. ஆனால் கோடையில் மெலிந்தவருக்கு விலாங்கைப் பரிந்துரைக்கும் பாடல் 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ'விலேயே இருக்கிறது. வழக்கம் பழையது, நாளைக் குறித்தது வணிகமாக இருக்கலாம்.

இனி நம் பக்கம் வருவோம்.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு உள்ளிட்ட பழைய மாவட்டங்களின் பகுதிகளை இணைத்து உருவாக்கப்பட்டது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960-இல் திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். எல்லைக்கோடுகள் இத்தனை முறை நகர்ந்தபோதும் அடுப்பங்கரை நகரவில்லை. எங்கள் ஊரில் ஒரே வீட்டில் யுகாதிக்கு ஒரு பச்சடியும் சித்திரை முதல் நாளுக்கு இன்னொரு பச்சடியும் உண்டு. முதலாவதில் வேப்பம்பூ, புதுப்புளி, வெல்லம், மாங்காய், உப்பு, காரம் என அறுசுவையும் கூடும். இரண்டாவதில் மாங்காயும் வெல்லமும் முதன்மை பெற, வேப்பம்பூ வறுத்துத் தூவப்படும். இரண்டுக்கும் இடையே சில நாளோ சில வாரமோ. வேம்பு பூப்பதும் மா காய்ப்பதும் புளி உலர்வதும் ஒரே வேளையில் நிகழும் நிலத்தில், ஆண்டின் முதல் உணவாக அம்மூன்றும் ஒரு கிண்ணத்தில் சேர்கின்றன. இதைப் பருவச் சமையல் என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது?

அதன் பின்னர் ஸ்ரீராம நவமி. பானகமும் வடைப்பருப்பும் நீர்மோரும் தெருவெங்கும் வழங்கப்படும். பானகத்தில் சேரும் சுக்கும் மிளகும் ஏலமும், வெயிலில் மந்தமாகிக் கிடக்கும் செரிமானத்தைத் தூண்டுவன என்பர். திருமலையில் சைத்திர முழுநிலவை ஒட்டி மூன்று நாள் வசந்தோற்சவம். திருச்சானூரில் வைகாசத்தில் அதே விழா. பால், தயிர், இளநீர், தேன், மஞ்சள், சந்தனம் கொண்டு திருமஞ்சனம் நிகழும். தெய்வத்திற்கும் வெயில் சுடும். தெய்வத்தையும் குளிர்விக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஆனி வாக்கில் திருச்சானூரில் தாயாருக்குத் தெப்போற்சவம். திருமலையில் குலசேகரப் படியைத் தாண்டி உள்ளே செல்லும் நிவேதனம் உடைந்த மண்கலத்தில் இடப்படும் தயிர்சோறு ஒன்றே என்பது மரபு. உலகின் செல்வம் மிக்க கோயில்களுள் ஒன்றில், கருவறைக்கு மிக அருகே செல்வது நெய்ப்பண்டம் அன்று. வெயில் காலத்து ஏழை வீட்டின் உணவு.

வெயிலுக்கு நாம் பெயரிடவில்லை என்றும் சொல்ல இயலாது. தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிமையாக்கியது. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும் கத்திரி வெயிலைத் தமிழர் அஞ்சுவர். எங்கள் பக்கத்துத் தெலுங்கர் நட்சத்திரத்தைக் கொண்டு எண்ணும் 'கார்த்தி'க் கணக்கில் ரோகிணிக் கார்த்தியை அஞ்சுவர். மே 25 முதல் ஜூன் 8 வரையிலான அந்நாட்களில் உரலும் வெடிக்கும் என்பார்கள். அடுத்து வரும் மிருகசீரிடக் கார்த்தியின் தொடக்கத்தில் தெலுங்கு நாட்டின் பல பகுதிகளில் மீன் உண்பது வழக்கம். வெப்பம் மழைக்குத் திரும்பும் நாளில் உடலுக்கு வலிமை தேடி மீனை நாடுவதில், தொயோ நாள் விலாங்கின் தொலைதூர உறவை நான் காண்கிறேன். கடன் வாங்கிய வழக்கம் என்று சொல்ல வரவில்லை. கடும் வேனிலைக் கடந்த உடல்கள் இரண்டு இடங்களில் ஒரே வினாவுக்கு ஒரே விடையைக் கண்டடைந்திருக்கின்றன.

இன்னும் வியப்பான ஒப்புமை நோயோடு தொடர்புடையது. கியோட்டோவின் புகழ்மிக்க கியோன் விழா கொள்ளைநோயிலிருந்து பிறந்தது. 869-இல் நோய் பரவியபோது 66 ஈட்டிக்கம்பங்களை நட்டு வழிபட்டதை அதன் தொடக்கமாகக் கூறுவர். இன்று ஜூலை 17 அன்று பெருந்தேர்கள் வீதிவலம் வருகின்றன; அப்பருவத்தில் 'ஹமோ' என்னும் விலாங்கு வகை மீனை விரும்பி உண்பதால் 'ஹமோ விழா' என்றொரு செல்லப்பெயரும் உண்டு. 'கியோன்' என்ற சொல் புத்தர் தங்கிய சிராவத்தியின் ஜேதவனத்தைக் குறிக்கும் ஜப்பானியப் பெயரிலிருந்து வந்தது. ஓர் இந்தியத் தோட்டத்தின் பெயரைத் தாங்கியபடி, வேனில் நோயைத் தணிக்கும் விழா ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நடந்துவருகிறது.

இங்கே திருப்பதியில் மே மாதத்தில் தாத்தய்யகுண்ட கங்கம்மனின் ஜாத்திரை. ஒரு வாரத்திற்கு வேடங்கள் மாறும்: பைராகி, பண்ட, தோட்டி, தொர, மாதங்கி, சுண்ணபுக் குண்டலு. ஒருநாள் உடலெங்கும் குங்குமம், ஒருநாள் கரி, ஒருநாள் சந்தனம். ஆண்கள் புடவை உடுத்தி வேண்டுதலை நிறைவேற்றுவர். திருமலையானின் தங்கை என்று கருதப்படுவதால் அம்மனுக்கு மலையிலிருந்து புடவையும் மஞ்சள் குங்குமமும் வரும். எமோரி பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் பர்க்கால்டர் ஃப்ளூகிகர் இவ்விழாவைப் பற்றி எழுதிய நூல் 2013-இல் வெளிவந்தது. உக்கிரம் மிக்க தேவியை நிறைவடையச் செய்வது அந்த ஆய்வின் மையக் கருத்துகளுள் ஒன்று. 2024 டிசம்பரில் 'புஷ்பா 2' திரைப்படம் வந்த பிறகு, அந்தப் புடவை வேடத்தை இந்தியா முழுவதும் அறிந்துகொண்டது.

வேடத்தை அறிந்தவர்கள் அம்பலியை அறியவில்லை. ஜாத்திரையின்போது கோயிலிலும் தெருமுனைகளிலும் பெண்கள் பெரிய பாத்திரங்களில் கேழ்வரகுக் கூழை வைத்து வருவோருக்கெல்லாம் வார்ப்பார்கள். அம்மனுக்குப் படைத்தது ஊருக்கு. அம்மை நோய் அம்மனின் வெப்பம் என்று கருதப்பட்ட காலத்தில், அவ்வெப்பத்தைத் தணிக்க வேம்பும் மஞ்சளும் கூழும் கொண்டுவரப்பட்டன. பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்துவிட்டது. கூழ் வார்ப்பது நிற்கவில்லை. நோய் போன பின்னரும் வெயில் போகவில்லையல்லவா?

இங்கே ஒரு காலக்கணக்கையும் குறித்துவைக்கிறேன். திருப்பதியிலும் சித்தூரிலும் கூழ் மே மாதத்திற்கு உரியது. எல்லைக்கு அப்பால் வேலூர், காஞ்சிபுரம், சென்னைப் பகுதிகளில் கூழ் வார்ப்பது ஆடிக்கு உரியது. ஆடியில் வெயில் தணியத் தொடங்கிவிடுகிறதே, ஏன் அப்போது குளிர்ச்சியான உணவு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பழைய பொழுதுப் பகுப்பின்படி ஆடி முதுவேனிலின் இறுதி என்பதை மறந்துவிடுகிறோம். ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. கியோன் தேர் ஜூலை 17-இல் ஓடுகிறது. தொயோ அதற்கு மூன்று நான்கு நாள் கழித்துத் தொடங்குகிறது. வடதமிழகத்துத் தெருவில் கூழ் வார்க்கப்படும் அதே ஞாயிற்றுக்கிழமைகளை ஒட்டி ஜப்பானியக் கடைகளின் முன் விலாங்கு சுடும் புகை எழுகிறது. வேனிலின் கடைவாயிலில் உடல் மிகவும் தளர்ந்திருக்கும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

கூழ் செய்வது எளிது என்று எண்ணுவோருக்காக அதன் முறையைச் சொல்கிறேன். கேழ்வரகு மாவை நீரில் கரைத்து ஓர் இரவு புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யை வேகவைத்து, அது குழையும் நிலையில் புளித்த மாவை ஊற்றி, கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஈரமாக்கித் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, மண்பானையில் ஆறவிட்டு, இன்னோர் இரவு வைக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், உப்பில் ஊறிய மாங்காய். வசதி இருந்தால் கருவாட்டுக் குழம்பு. மாவு புளிக்கும் நேரம் சித்திரையில் ஒன்று, மார்கழியில் ஒன்று, மூக்கே கடிகாரம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வியர்வையில் இழந்த உப்பும் நீரும் மோரோடு திரும்புகின்றன. இதைச் சொல்ல ஆய்வகம் இன்று இருக்கிறது. செய்துவந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இதே கூழுக்கு எங்கள் வட்டாரத்தில் பல பெயர்கள். தெலுங்கில் அம்பலி, தமிழில் கூழ். கெட்டியாக உருட்டினால் தெலுங்கில் சங்கடி, தமிழில் களி. தானியத்தைத் தமிழ் நூல் கேழ்வரகு என்கிறது. கடைக்காரர் ராகி என்கிறார். எங்கள் ஆயா 'கேவுரு' என்பார். ஒரே பானைக்கு முன் அமர்ந்து இரு மொழியினர் இரு பெயர் சொல்லிக் குடித்தார்கள்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஜாத்திரையைக் காண ஒரு ஜப்பானிய ஆய்வு மாணவி வந்திருந்தார். கூட்டத்தில் நின்று ஒரு குவளை அம்பலியைக் குடித்தவர், மறுகுவளைக்குக் கை நீட்டினார். பின்னர், 'அமசாகே' நினைவுக்கு வருவதாகச் சொன்னார். வேகவைத்த அரிசியோடு 'கோஜி' என்னும் பூஞ்சை வளர்த்த அரிசியைச் சேர்த்து, இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிக்கும், அதுவே அமசாகே. நம் கூழ் புளிப்பது, அவர்களுடையது இனிப்பது. இரண்டும் நுண்ணுயிரின் உழைப்பால் ஆனவை. இரண்டும் தானியத்தைப் பருகும் பொருளாக்குபவை. இன்று பெரும்பாலான ஜப்பானியர் அமசாகேயைப் புத்தாண்டுக் குளிரில் சூடாகக் குடிக்கும் பானமாகவே நினைக்கிறார்கள். ஆனால் பருவச்சொல் அகராதியில் அது வேனிலுக்கு உரியது. பழைய காலத்தில் தெருவணிகர் அதைக் கோடையில் சுமந்து விற்றனர். வெயிலில் நலிந்தவர்கள் வாங்கிக் குடித்தனர். வழக்கம் இடம் மாறியபோதும் சொல் தன் பழைய பருவத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

"உங்கள் மொழியில் இந்தக் கூழுக்குப் பருவச்சொல் என்ற தகுதி உண்டா?" என்று அவர் கேட்டார். முதற்பொருள், கருப்பொருள் பற்றி நான் விளக்கினேன். திணைக்குரிய உணவு என்ற பகுப்பு நம் இலக்கணத்தில் இருப்பதையும், பொழுதும் நிலமும் உணவும் ஒரே கட்டமைப்பில் வைக்கப்பட்டிருப்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பழைய இலக்கணம். இப்போது இந்தப் பெண்கள் செய்வதை யார் எழுதிவைக்கிறார்கள்?" என்றார். அந்த வினாவே என் ஆய்வின் திசையை மாற்றியது.

மறுவாரம் அவரை எங்கள் ஊருக்கு அழைத்துச் சென்றேன். சித்தூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் இருக்கும் சிற்றூர். எண்பதைக் கடந்த ஆயா திண்ணையில் அமர்ந்திருந்தார். கூழைப் பற்றி நாங்கள் ஆர்வத்தோடு கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. "அப்போ வேற இன்னா இருந்துச்சி கண்ணு? நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீவாளிக்கும்தான். கேவுரு கூழு குடிச்சோம், கழனிக்குப் போனோம். அதுல இன்னா பெரும கீது?" என்றார். இதை நான் அம்மாணவிக்கு மொழிபெயர்த்தபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஆயாவின் சொற்களை நான் இங்கு மறைக்காமல் பதிவதற்குக் காரணம் உண்டு. பருவ உணவைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது; நகரத்து உணவகங்களில் கேழ்வரகு உயர்ந்த விலைக்கு விற்கிறது. ஆயினும் கூழ் பல்லாண்டுகள் கூலியாகவும் பசியாகவும் இருந்தது. கலத்தில் கூழ் வாங்கியவர் யார், தொலைவில் நிறுத்தப்பட்டுக் கையில் ஊற்றப்பட்டவர் யார் என்ற சாதிக் கணக்கும் அதற்குள் இருக்கிறது. தண்ணீர்ப்பந்தலில்கூட எல்லாரும் ஒரே குவளையில் குடித்துவிடவில்லை. இவற்றை விலக்கிவிட்டுக் கூழைப் பாடுவது நேர்மையாகாது. ஜப்பானின் மினாசுகியும் பனிக்கட்டி கிட்டாதவரின் பண்டம் என்றுதானே சொல்லப்படுகிறது.

எனவே ஆயாவிடம் வேறு வினா ஒன்றைக் கேட்டேன். பெருமை இல்லையென்றால், இத்தனை வயதிலும் ஆண்டுதோறும் கங்கம்மனுக்கு இரண்டு படி மாவு கரைத்து ஊருக்கு வார்ப்பது ஏன்? அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "வயித்துக்கு இல்லாம குடிக்கறது வேற. நாம ஊத்தி நாலு பேரு குடிக்கறது வேற. அன்னிக்கி நான் குடுக்கற கை" என்றார்.

பருவச் சடங்கைப் பற்றி நான் வாசித்த எந்த நூலும் இவ்வளவு தெளிவாக எனக்கு எதையும் சொன்னதில்லை. ஆண்டு முழுதும் பெற்றுக்கொள்ளும் இடத்தில் நின்றவர், ஒருநாள் அளிக்கும் இடத்தில் நிற்கிறார். உணவு அதேதான்; நிற்கும் இடம் மாறுகிறது. வேனிலில் ஆற்றில் நீரில்லை, கழனியில் வேலையில்லை, களஞ்சியத்தில் தானியம் குறைவு. அந்த நாட்களில் இருப்பதைப் பகிர வேண்டும் என்ற கட்டளையை அம்மனின் பெயரால் ஊர் தனக்குத்தானே இட்டுக்கொண்டது. தெருவில் கூழ் வார்ப்பவரிடம் விலை கேட்பவர் இல்லை.

விலை நுழைந்த இடங்களில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு இரு நாட்டிலும் சான்று உண்டு. விலாங்கு நாளின் தேவை பெருகப் பெருக ஜப்பானிய விலாங்கு இனம் அருகியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2014-இல் அதை அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. எங்கள் மாவட்டத்திலோ மாம்பழம். கிளிமூக்கு என்று நாம் அழைக்கும் தோத்தாபுரி இங்கே பெருமளவில் விளைந்து கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. இங்கே 'கூழ்' என்பது மாம்பழச் சாற்றின் மூலப்பொருள், அம்மன் கூழன்று. 2025 பருவத்தில் விலை வீழ்ந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் என 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆலை வாயில்களில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வெயிலில் வரிசையாகக் காத்திருந்தன. அப்பழத்தின் சாறு புட்டிகளில் அடைபட்டு ஆண்டு முழுதும் எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. விளைவித்தவர்க்குப் பருவம் உண்டு, குடிப்பவர்க்கு இல்லை.

பருவமும் பழைய பருவமாக இல்லை. திருப்பதியில் மே மாத வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது இயல்பாகிவிட்டது. ஜப்பானில் வெயில் தாக்கத்தை எதிர்கொள்ள, 2025 ஜூன் முதல் பணியிடங்களில் தடுப்பு நடவடிக்கைகளை முதலாளிகள் மேற்கொள்வது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. கண்ணாடி மணியும் முகிச்சாவும் போதவில்லை என்று அந்நாடு ஒப்புக்கொண்டது என்றே இதைப் பொருள்கொள்கிறேன். அலிபிரிப் படிகளைத் துப்புரவு செய்வோர், மாங்காய் ஏற்றுவோர், தார் ஊற்றுவோர் ஆகியோருக்கும் கூழ் மட்டும் போதாது; நிழலும் நீரும் பணிநேர மாற்றமும் அவர்களுக்கு உரிமையாக வேண்டும். பழைய வழக்கத்தைப் புகழ்வது இக்கடமையிலிருந்து தப்பும் வழியாகிவிடக் கூடாது. ஆனால் அவ்வழக்கத்தின் உள்ளீடு, அதாவது வெப்பத்தைத் தனியாளின் துன்பமாக விடாமல் ஊரின் பொறுப்பாகக் கருதுவது, இன்றைய சட்டத்திற்கும் அடிப்படையாகத் தக்கது.

கருத்தரங்கில் கேட்ட கூற்றுக்கு இப்போது என் மறுமொழி இது. பருவ வழக்கம் இரு நாட்டிலும் இருக்கிறது. அங்கே அது அகராதியிலும் நாட்காட்டியிலும் ஏறியது. ஜப்பானிய உணவு மரபு 2013-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. இங்கே அது பெண்களின் கையிலும் மூக்கிலும் தங்கிவிட்டது. பல்கலைக்கழகம் அதை நோக்கித் திரும்பவில்லை. கூழை ஆய்வுத் தலைப்பாக முன்வைத்த மாணவியிடம், "இதில் என்ன கோட்பாடு இருக்கிறது?" என்று ஒரு நேர்காணல் குழுவில் கேட்கப்பட்டதை நான் அறிவேன். நொய் குழையும் பதமும், மாவு புளிக்கும் நாழிகையும், 'குடுக்கற கை' என்ற சொல்லும் எழுதப்படாமல் போனால், அடுத்த தலைமுறை ஆய்வாளர் நம்மிடம் வெயில் மட்டுமே இருந்தது என்று நம்புவதற்கு நாமே சான்று அளித்தவர்களாவோம்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தோரிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள். வேனிலின் முதல் உணவு எது? கடைசி உணவு எது? அதை யார் சமைத்தார்? யாருக்கு, எந்தக் கலத்தில் கொடுக்கப்பட்டது? நான்காம் வினாவைத் தவற விடாதீர்கள். வரலாறு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அவர்கள் சொல்லும் சொல்லை உங்கள் செந்தமிழுக்கு மாற்றாமல், சொன்னபடியே எழுதுங்கள். தெலுங்குச் சொல் வந்தால் தெலுங்காகவே இருக்கட்டும். ஊர், மாதம், தானியத்தின் பெயர் மூன்றையும் குறியுங்கள். பின்னூட்டத்தில் பதிந்தால் தொகுத்து வைக்கிறேன். பதிந்தவர் பெயரோடுதான் தொகுப்பு அமையும்.

என் பங்குக்கு முதல் பதிவு: சித்தூர் வட்டாரம்; மே மாதம், கங்கம்மன் ஜாத்திரை; கேவுரு மாவு இரண்டு படி, நொய் ஒரு படி; சமைத்தவர் ஆயா; கொடுக்கப்பட்டது வந்தவர் அனைவருக்கும். கலம் முன்பு அவரவர் கொண்டுவந்தது; இப்போது எல்லாருக்கும் ஒரே வகைக் காகிதக் குவளை.